நெல் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய்: கணக்கு எப்படி வருகிறது?

டெல்டாவில் டி.பி.சி. என்றால் நேரடி நெல் கொள்முதல் நிலையம். நடத்துவது தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். 2025-26 பருவத்தில் அங்கே சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500. இதில் 2,389-ம் 2,369-ம் மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை. மேலே உள்ள 156, 131 ரூபாய் மாநில அரசின் ஊக்கத்தொகை. 40 கிலோ சிப்பம் ஒன்றுக்குச் சன்ன ரகம் 1,018 ரூபாய், பொது ரகம் 1,000.

2,369 எப்படி வந்தது? விதை, உரம், கூலி போன்ற கைச்செலவோடு வீட்டார் உழைப்பின் மதிப்பையும் கூட்டிக் குவிண்டாலுக்கு 1,579 ரூபாய் என்று கணக்கிட்டார்கள். அதற்கு மேல் பாதி சேர்த்தால் இந்த விலை. சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் முதலுக்கான வட்டியும் இதில் வராது. அவற்றையும் சேர்க்கச் சொல்லித்தான் விவசாயச் சங்கங்கள் வருடக்கணக்காகக் கேட்கின்றன.

அரசு தயங்குவதற்கும் காரணம் உண்டு. கொள்முதல் விலை ஏறினால் உணவு மானியச் செலவு ஏறும், சந்தையில் அரிசி விலையும் ஏறும். பணவீக்கத்தை 4 சதவீதத்தை ஒட்டி வைப்பது ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படியான இலக்கு. நாடு வேகமாக வளர்கிறது என்கிறார்கள், உண்மைதான். ஆனால் உழைப்பவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இன்னும் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். நாட்டின் உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. விலையை அமுக்கினால் அடி விழுவது இவர்கள் மேல்.

என்னைக் கேட்டால், டெல்டாவுக்கு விலையை விடப் பெரிய தலைவலி ஈரப்பதம். விதிப்படி 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்; அதற்கு மேல் போனால் கிடங்கில் நெல் கெட்டுவிடும். விதியில் குறையில்லை. ஆனால் குறுவை (டெல்டாவின் குறுகிய கால நெல் பருவம்) அறுப்பு நடக்கும்போதே வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடுகிறது. மெஷினில் அறுத்த நெல்லைக் கொட்டிக் காயவைக்கக் களம் போதாமல் ரோட்டோரத்தில் பரப்புகிறார்கள். தார்ப்பாய்க்குள் நாலு நாள் கிடந்தால் முளைவிட்டுவிடும். ஒவ்வொரு முறையும் மாநில அரசு தளர்வு கேட்கும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கும், பிறகுதான் உத்தரவு. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரை அனுமதித்தார்கள். மழை வருவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இதற்கு ஒரு நிரந்தர ஏற்பாடு ஏன் இல்லை என்று புரியவில்லை.

நிலையத்தில் நெல் விற்கத் தேவைப்படும் ஆவணங்கள்: சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு), ஆதார், வங்கிப் பாஸ்புக். பணம் நேராகக் கணக்கில் ஏறும். குத்தகைக்கு, முக்கியமாகக் கோயில் நிலத்தில், சாகுபடி செய்பவர்கள் நடவு முடிந்ததுமே வி.ஏ.ஓ.விடம் அடங்கலில் தங்கள் சாகுபடி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அறுப்பு நேரத்தில் ஓடினால் கூட்டம்.

இன்னொன்று: ஆதரவு விலை தனியார் வியாபாரியைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. களத்துக்கே வந்து ஈர நெல்லைக் குறைந்த விலைக்கு அவர் கேட்டால், கொடுப்பதும் மறுப்பதும் விவசாயியின் முடிவுதான்.