குடலில் ஊறும் செரோடோனினும் காலை உண்ணாமல் பேருந்தேறும் மாணவரும்

மனநிலையைச் சீராக வைத்திருப்பதில் பங்குள்ள செரோடோனின் என்னும் வேதிப்பொருளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குடலில்தான் உருவாகிறது என்ற செய்தியைக் கேள்விப்படாத கல்லூரி மாணவர் இன்று அரிது. செய்தி உண்மையானதே, அதிலிருந்து பலரும் எடுக்கும் முடிவுதான் பிழையானது. நல்ல உணவை உண்டால் குடலில் செரோடோனின் பெருகி, இரத்தத்தில் ஏறி, மூளையை அடைந்து மனச்சோர்வைப் போக்கிவிடும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். குடலில் உருவாகும் செரோடோனின் குடலின் அசைவை நெறிப்படுத்துகிறது. இரத்தத் தட்டுகளில் சேர்ந்திருந்து, காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைய உதவுகிறது. ஆனால் மூளையின் இரத்தக் குழாய்களில் இடைவெளியின்றி நெருங்கி அமைந்த செல்கள் அதை உள்ளே விடுவதில்லை. மூளை தனக்கு வேண்டிய செரோடோனினைத் தானே செய்துகொள்கிறது.

அதற்கான மூலப்பொருள் மட்டும் உணவிலிருந்து வந்தாக வேண்டும். மீன், முட்டை, பால், பயறு ஆகியவற்றில் உள்ள டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலமே அது. மூளைக்குள் நுழைய அது ஒரு கடத்தும் புரதத்தை நம்பியிருக்கிறது. லியூசின், வாலின், டைரோசின் போன்ற வேறு பல அமினோ அமிலங்களும் அதே புரதத்தைத்தான் நம்பியிருக்கின்றன. மாலையில் கல்லூரிகள் விட்டதும் நாகர்கோவில் வடசேரியிலிருந்து மார்த்தாண்டத்துக்குப் புறப்படும் பேருந்தின் படிக்கட்டை நினைத்துக்கொண்டால் நிலைமை விளங்கும். புரத உணவில் மற்ற அமிலங்களைவிட டிரிப்டோபான் குறைவாகவே இருப்பதால், அந்தத் தள்ளுமுள்ளில் அது பின்தங்கிவிடுகிறது. மாவுச்சத்து மட்டும் மிகுந்த உணவை உண்ணும்போது சுரக்கும் இன்சுலின், போட்டியிடும் அமிலங்களைத் தசைகளுக்குள் அனுப்பிவிடுவதால் டிரிப்டோபானுக்கு வழி கிடைக்கிறது. இனிப்பைத் தின்றால் மனம் இலேசாகிறது என்பதற்குப் பலர் தரும் விளக்கம் இதுவே. ஆனால் உணவில் சிறிதளவு புரதம் கலந்தாலே இந்த விளைவு மறைந்துவிடும் என்பதால், சோறும் குழம்பும் உண்ணும் அன்றாட வாழ்வில் இதற்குப் பெரிய இடமில்லை. டிரிப்டோபான் இல்லாத உணவைச் சில மணி நேரம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளிலும், முன்பு மனச்சோர்வுக்கு ஆளாகி மீண்டவர்களில் சிலருக்கு மனநிலை தாழ்ந்ததே தவிர, நலமாக இருப்பவர்களிடம் பெரும்பாலும் மாற்றம் தெரியவில்லை.

உணவுக்கும் மனத்துக்கும் தொடர்பு இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அந்தத் தொடர்பு வேறு பாதைகளில், மெதுவாக, அவ்வளவு கவர்ச்சியில்லாமல் நடக்கிறது என்பதே பொருள்.

குலசேகரத்திலிருந்தோ தேங்காப்பட்டணத்திலிருந்தோ நாகர்கோவிலுக்குப் படிக்க வரும் ஒருவரின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஆறரை மணிப் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு சாயா மட்டும் உள்ளே போகிறது. வீட்டில் புட்டும் பயறும் இருந்தாலும் உட்கார்ந்து தின்ன நேரமில்லை. மதியம் கல்லூரி வாசலில் புரோட்டா. மாலையில் மீண்டும் ஒரு சாயா, எண்ணெயில் பொரித்த ஏதாவது. தேர்வுக் காலமானால் இரவு பத்து மணிக்கு மேல் பால் சேர்க்காத கட்டன் சாயா. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போதுகூட உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. காலை உணவைத் தவிர்ப்பதால் நலமான ஒருவரின் இரத்தச் சர்க்கரை உடனே சரிந்துவிடாது. கல்லீரலின் சர்க்கரை இருப்பும், கார்ட்டிசால், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்களும் அதைத் தாங்கிப் பிடிக்கும். அட்ரினலின் தரும் படபடப்பும் கை நடுக்கமும் பதற்றத்தின் அறிகுறிகளிலிருந்து வேறுபடுத்த முடியாதவை என்பதுதான் சிக்கல். வெறும் வயிற்றில் குடித்த சாயாவின் காஃபின் அந்தப் படபடப்பைக் கூட்டுகிறது. பதினொரு மணி வகுப்பில் காரணமின்றி மனம் கலங்குகிறது என்று சொல்பவரிடம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கும் அம்மாமார் உடலியலை நன்கு அறிந்தவர்களே.

இரவுச் சாயாவின் கதை வேறு. காஃபின், தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்னும் வேதிப்பொருள் மூளையில் அமர வேண்டிய இடங்களில் தான் அமர்ந்துகொள்கிறது. உடலிலிருந்து அதில் பாதி நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பத்து மணிக்குக் குடித்ததில் பாதி, விடியற்காலை மூன்று மணிக்கும் உள்ளே இருக்கிறது. தூக்கம் குறைந்த மறுநாள் கொழுப்பும் இனிப்பும் மிகுந்த உணவின் மேல் நாட்டம் கூடுகிறது, உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்தும் திறன் குறைகிறது.

எல்லாவற்றையும்விட நான் முதன்மையாகக் கருதுவது இரும்புச்சத்தை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். இரும்பு ஆக்சிஜனைச் சுமப்பதற்கு மட்டும் தேவைப்படுவதன்று. செரோடோனினையும் டோபமினையும் உருவாக்கும் நொதிகள் இரண்டும் இரும்பு இல்லாமல் இயங்கா. இரும்பு குறைந்த மாணவிக்கு ஏற்படும் களைப்பு, கவனமின்மை, எதிலும் ஈடுபாடற்ற நிலை ஆகியவற்றை வீட்டார் சோம்பலென்றும், தோழிகள் மனச்சோர்வென்றும் பெயரிடுவார்கள். எளிய இரத்தப் பரிசோதனை ஒன்று மூன்றாவது பெயரைச் சொல்லக்கூடும். உணவு முடிந்த கையோடு சாயா குடிக்கும் நம் வழக்கம் இங்கே குறுக்கே நிற்கிறது. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொருட்கள் பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிணைத்துக்கொள்வதால், அதில் பெரும்பகுதி உடலில் சேராமல் வெளியேறுகிறது. சாயாவை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதும், முருங்கைக்கீரைத் துவரனோடு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்துக்கொள்வதும் செலவில்லாத மாற்றங்கள்.

இந்தக் குமரி மாவட்டத்தின் பழைய உணவு இணை ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. அவித்த மரச்சீனிக்கிழங்கில் (மரவள்ளி) நீர் போக எஞ்சுவது ஏறத்தாழ முழுதும் மாவுச்சத்து. 100 கிராமில் புரதம் 2 கிராமைக்கூட எட்டாது. அதனோடு வைக்கும் சாளை (மத்தி) மீன்கறியில் புரதமும், ஒரு நாள் தேவையைத் தாண்டும் பி12 வைட்டமினும், மூளைச் செல்களின் சவ்வுகளில் இடம்பெறும் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களும் உள்ளன. மலிவான மீன் என்று சாளையை இளக்காரமாகப் பார்ப்பவர்கள், விலையுயர்ந்த மீன் எண்ணெய் மாத்திரையை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். மாத்திரைகளைப் பற்றிய சான்றோ ஊக்கமளிப்பதாக இல்லை. நான்கு ஐரோப்பிய நாடுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், ஒமேகா-3 உள்ளிட்ட சத்துகள் அடங்கிய மாத்திரைகள் மனச்சோர்வு வராமல் தடுக்கவில்லை.

குடல் நுண்ணுயிரிகளைப் பற்றி அளவோடு பேச வேண்டியிருக்கிறது. நாம் செரிக்க இயலாத நார்ச்சத்தைப் பெருங்குடலின் பாக்டீரியாக்கள் நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை குடல் சுவரைக் காத்து, அழற்சியைத் தணிக்கின்றன. குடலின் நிலையை மூளைக்கு அறிவிக்கும் வேகஸ் நரம்பில் பெரும்பாலான இழைகள் கீழிருந்து மேல் நோக்கியே செய்தி அனுப்புபவை. நுண்ணுயிரிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் உடல், நெருக்கடிக்கு மிகையாக எதிர்வினை காட்டுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். ஆனால் எலியிலிருந்து மாணவருக்குத் தாவுவது எளிதன்று. பழங்கஞ்சி குடலுக்கு உகந்தது என்று சொல்ல இடமுண்டு. மனச்சோர்வுக்கு மருந்து என்று சொல்ல இடமில்லை.

மனிதர்களிடம் கிடைத்த நேரடிச் சான்று இன்னும் சிறிதுதான். ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா தலைமையில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு உள்ள 67 பேரில் ஒரு பிரிவினருக்கு 12 வாரம் உணவு ஆலோசனையும், மறு பிரிவினருக்கு அதே அளவு உரையாடல் துணையும் அளிக்கப்பட்டன. முதல் பிரிவில் சுமார் 32 விழுக்காட்டினரும், மறு பிரிவில் 8 விழுக்காட்டினரும் நோய்க்குறி நீங்கிய நிலையை அடைந்தார்கள். அந்நாட்டின் மக்குவாரி பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, 17 முதல் 35 வயதுள்ள 76 இளையோரிடம் மூன்றே வாரத்தில் முன்னேற்றம் கண்டது. காய்கறி, பயறு, மீன், முழுத்தானியம் ஆகியவற்றைக் கூட்டி, பொதி உணவையும் சர்க்கரையையும் குறைப்பதே இரண்டின் சாரம். தாம் நல்ல உணவு உண்கிறோம் என்பது பங்கேற்பவருக்கே தெரியும் என்பதால், எதிர்பார்ப்பின் பங்கை இத்தகைய ஆய்வுகளிலிருந்து முற்றிலும் பிரிக்க இயலாது. மருந்துக்கோ ஆலோசனைக்கோ துணையாக நிற்பதுதான் உணவு. அவற்றை நிறுத்திவிட்டு நாடத் தக்கதன்று.

தொடர்பு எதிர்த்திசையிலும் ஓடுகிறது. பசி குறைவதும் அளவுமீறிப் பசிப்பதும் மனச்சோர்வைக் கண்டறியும் அளவுகோல்களிலேயே இடம்பெற்றவை. ஆகவே விடுதியில் ஒரு மாணவர் சில வாரங்களாகத் தட்டைத் தொடாமல் திருப்பி வைக்கிறார் என்றால், அவருடைய உணவுப் பழக்கம் கெட்டதால் மனம் கெட்டதா, மனம் சோர்ந்ததால் உணவு கசந்ததா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. அவருக்குச் சத்தான உணவைப் பற்றிப் பாடம் நடத்துவதற்கு முன், 14416 என்னும் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம் என்பதைச் சொல்லிவிட்டு, அன்றிரவு உணவுக்கூடத்தில் அவர் பக்கத்தில் போய் உட்காரலாம்.