பாட்டைக் கிரயம் எழுதிக் கொடுக்காதீர்கள்

கும்பகோணத்தில் வக்கீலாக இருப்பவனிடம் வருவது பெரும்பாலும் நிலத் தகராறும் பாகப்பிரிவினையும்தான். சில வருடங்களாக வேறு மாதிரி காகிதங்களோடும் இளைஞர்கள் வருகிறார்கள். திருவிழாவுக்குச் சொந்தமாகப் பாட்டுக் கட்டியிருப்பார்கள், யூடியூபில் ஏற்றியிருப்பார்கள், அது நன்றாக ஓடியிருக்கும். உடனே ஒரு ஆடியோ கம்பெனி வந்து, கையில் ஒரு தொகையைக் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிப் போயிருக்கும். அப்புறம் அதே பாட்டு வேறொருவர் குரலில் வெளிவரும். கட்டியவனுக்கு ஒரு பைசா வராது. அவன் முதலில் ஏற்றிய வீடியோ மேலேயே உரிமை கோரி, அதன் வருமானத்தையும் எடுத்துக்கொள்வார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அவர்களுக்கு நான் சொல்வது ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டின் கதை. 1992இல் ‘தி பாடிகார்ட்’ படத்துக்காக விட்னி ஹூஸ்டன் பாடி, அமெரிக்காவில் 14 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. அவருடைய சொந்தப் பாட்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். எழுதி, மெட்டுப் போட்டு, முதலில் பாடியவர் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த, ‘கன்ட்ரி’ எனப்படும் அமெரிக்கக் கிராமிய இசைப் பாடகி டாலி பார்ட்டன். போர்ட்டர் வேகனர் என்ற பாடகரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பல வருடம் பாடிவிட்டுத் தனியாகப் போக முடிவெடுத்தபோது, அவரிடம் விடைபெறுவதற்காக எழுதினார். 1974இல் வெளிவந்து கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அதை அந்நாளில் அமெரிக்காவின் பெரிய நட்சத்திரப் பாடகரான எல்விஸ் பிரெஸ்லி பாட ஆசைப்பட்டார். யாருக்குக் கிடைக்கும் அந்த வாய்ப்பு? ஆனால் எல்விஸின் மேனேஜர் டாம் பார்க்கர், பாட்டின் பதிப்புரிமையில் பாதியை எழுதிக் கொடுக்கச் சொன்னார். டாலி முடியாது என்றுவிட்டார். அன்று இரவெல்லாம் அழுததாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1982இல் வேறொரு படத்துக்காக அவரே மறுபடி பாடினார், மறுபடி கன்ட்ரி பட்டியலில் முதலிடம். அதற்குப் பத்து வருடம் கழித்து விட்னி. அமெரிக்காவில் வானொலி நிலையங்கள் பாடியவருக்குப் பணம் தருவதில்லை, பாட்டை எழுதியவருக்குத்தான் தரவேண்டும். அதனால் வானொலியில் விட்னியின் குரல் ஒலித்தபோதெல்லாம் ராயல்டி டாலிக்குப் போனது.

பாட்டு வேறு, அதன் ஒலிப்பதிவு வேறு. நம் ஊரில் நிலமும் வெள்ளாமையும் போல. குத்தகைக்கு எடுத்தவர் பயிர் வைத்து அறுத்துக்கொள்ளலாம், பட்டா உங்கள் பேரில்தான் இருக்கும். திருவையாற்றில் பாடும் பஞ்சரத்ன கீர்த்தனைகள் இன்று யாருக்கும் சொத்து அல்ல. தியாகராஜர் 1847இல் மறைந்தவர். ஆனால் அவற்றைப் பாடி வெளியிடும் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் தனியாக 60 வருட உரிமை உண்டு. வழிவழியாக வரும் நடவுப் பாட்டுக்கும் இதேதான். பாட்டு எல்லோருக்கும் பொது, நீங்கள் செய்த பதிவு உங்களுடையது.

நீங்களே கட்டிய பாட்டு என்றால், வரிகளுக்கும் மெட்டுக்கும் உங்கள் ஆயுள் முழுக்க உரிமை உண்டு, அதற்கு மேலும் 60 வருடம் வாரிசுகளுக்கு. அரசிடம் பதிவு செய்தால்தான் உரிமை வரும் என்பதில்லை. தகராறு வந்தால் அது நல்ல சாட்சி, அவ்வளவுதான்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களும் இடிந்துபோக வேண்டாம். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகு போட்ட ஒப்பந்தத்தில் ‘எல்லா உரிமையும் கொடுத்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தாலும், வரிகளை எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டியில் சமபங்கு கேட்கும் உரிமை போகாது. ராயல்டியே வேண்டாம் என்று எழுதி வாங்கியிருந்தால் அந்த ஷரத்து செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் கம்பெனிக்கு உரிமை 5 வருடம்தான், எந்த எல்லைக்குள் என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். என்னிடம் வருகிறவர்களில் பலர் தங்கள் ஒப்பந்தத்தின் நகலைக்கூட வாங்கி வைத்திருப்பதில்லை. தயவுசெய்து முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தவர் பாட்டை நீங்கள் பாடுவதற்கும் விதி உண்டு. சட்டப்படி கவர் வெர்ஷன் செய்ய, முதல் பதிவு வந்த வருடம் முடிந்து 5 வருடம் ஆகியிருக்க வேண்டும். முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியையும் முன்பணமாகக் கட்ட வேண்டும். இதுவும் ஒலிப்பதிவுக்கு மட்டும். வீடியோவாகப் போடத் தனி அனுமதி வேண்டும்.

கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் சினிமாப் பாட்டு வாசித்தால் வழக்கு வருமா என்று மேளக்காரர்கள் கேட்பதுண்டு. வராது. கல்யாண ஊர்வலத்துக்கும் அதை ஒட்டிய விசேஷங்களுக்கும் சட்டமே விலக்குத் தந்திருக்கிறது. அதே வாசிப்பை வீடியோ எடுத்துச் சேனலில் ஏற்றினால் அந்த விலக்கை நம்பமுடியாது.