ஐந்தாம் வகுப்பு முடிக்கும் கெட்டிக்காரப் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

தை பிறந்துவிட்டால் போதும், என்னிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோர் பலருக்கும் இதே கேள்விதான். பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கப்போகிறது, கணக்கில் படுசுட்டி, கையில் இரண்டு பள்ளிகள் இருக்கின்றன. ஒன்று, ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி, நீட் நுழைவுத் தேர்வுகளுக்கான 'ஃபவுண்டேஷன்' பயிற்சி தொடங்கிவிடும் பெரிய சிபிஎஸ்இ பள்ளி. இன்னொன்று, வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ. "இவ்வளவு மூளை உள்ள பிள்ளையை வீணாக்கிடக் கூடாது இல்லையா மேடம்?" என்று அவர்கள் கேட்கும்போதே, முதல் பள்ளியை ஏறக்குறைய முடிவு செய்துவிட்டார்கள் என்பது புரிந்துவிடும்.

நான் அவர்களைச் சேர்க்கைப் படிவம் வாங்கும் முன் இரண்டு பள்ளிக்கும் போய், ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப்போகிற ஆசிரியரையே பார்த்து ஒரு கேள்வி கேட்கச் சொல்வேன். "என் பிள்ளை கொடுத்த கணக்கைப் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டால், மீதி நேரம் என்ன செய்யும்?"

"கையைக் கட்டி அமைதியாக உட்காரும்" என்றால் அங்கே பிள்ளைக்கு ஆபத்துதான். வேலை இல்லாத கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பக்கத்துப் பிள்ளையை வம்புக்கு இழுக்கும், இல்லையென்றால் ஜன்னலைப் பார்த்தே வருஷத்தைக் கழிக்கும். "ஏழாம் வகுப்புப் புத்தகம் கொடுத்துவிடுவோம்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த வருஷம் அதே பாடத்தை மறுபடி உட்கார்ந்து கேட்க வேண்டிவரும்.

சிறு பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியர் செய்ததை நேரில் பார்த்தேன். சீக்கிரம் முடித்துவிட்ட மாணவியிடம், எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத ஒரு நான்கிலக்க எண்ணை எழுதச் சொன்னார். அவள் 3524 எழுதினாள். இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக ஒருமுறை, சிறிதிலிருந்து பெரிதாக ஒருமுறை அடுக்கிக் கழிக்கச் சொன்னார். 5432 கழித்தல் 2345, வந்தது 3087. மறுபடி அதேபோல: 8730 கழித்தல் 0378, வந்தது 8352. இன்னொரு முறை: 8532 கழித்தல் 2358, வந்தது 6174. அப்புறம் எத்தனை முறை செய்தாலும் 6174தான். வேறு எண்ணை எடுத்தாலும் ஏழு படிகளுக்குள் அங்கேதான் வந்து நிற்கும். மகாராஷ்டிரத்தில் உள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் 1949இல் கண்டுபிடித்தது இது. "ஏன் இப்படி வருது மிஸ்?" என்று அந்தப் பெண் ஒரு வாரம் விடவில்லை. இதற்குத் தேவைப்பட்டது வெறும் கழித்தல் கணக்கும், பிள்ளையைக் கவனிக்கிற ஓர் ஆசிரியரும்தான். முன்னேறிய பிள்ளைக்கு வேகத்தைவிட ஆழம்தான் பசி தீர்க்கும்.

பெரிய பள்ளியில் இது நடக்காது என்று சொல்லவில்லை. அங்கே தேர்ந்தெடுத்த பிள்ளைகள் நடுவில் இருப்பதும் சிலருக்கு நல்லது, முதல்முறையாகத் தன்னைப்போல ஒரு தோழி கிடைப்பாள். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எல்லாரும் கெட்டியாக இருக்கும் வகுப்பில், அதே திறமை உள்ள பிள்ளை தன்னை மட்டமாக நினைக்கத் தொடங்குவதை ஹெர்பர்ட் மார்ஷ் போன்ற கல்வி உளவியல் ஆய்வாளர்கள் 1980களிலிருந்தே எழுதிவருகிறார்கள். ஐந்தாம் வகுப்பு வரை "நீ புத்திசாலி" என்று கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு இது பலத்த அடி. வாராவாரம் ரேங்க் பட்டியல் ஒட்டும் பள்ளி என்றால் நான் தயங்காமல் வேண்டாம் என்பேன். பத்து வயதுக்கு அது தேவையே இல்லை.

2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்கிறது. அதே பயிற்சி பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே நடந்தால் நமக்கு அது பயிற்சி மையமாகத் தெரிவதில்லை.

தூக்கக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இந்த வயதில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஆறே முக்காலுக்கு வேன், ஃபவுண்டேஷன் முடிந்து வீடு வர மாலை ஆறரை, அப்புறம் வீட்டுப்பாடம் என்றால், ஒன்பது மணி நேரம் எங்கிருந்து வரும்? விளையாட்டு முதலில் போகும், அடுத்து கதைப்புத்தகம் போகும். கணக்கில் பதின்மூன்று வயது மூளை இருக்கலாம், பென்சில் பாக்ஸ் தொலைந்தால் அழுவது பத்து வயதுக் குழந்தைதான்.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்துவிட்டது. உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது. "ஒன்பதாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்று ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளியில் கட்டணம் கட்டிச் சேர்ப்பவர்கள் இதைத் தெரிந்தே முடிவெடுக்க வேண்டும். இதற்காக மட்டும் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம்.

பள்ளி நடக்கும் ஒரு நாளில் பிள்ளையையும் இரண்டு இடத்துக்கும் கூட்டிப்போங்கள். மதிய உணவு இடைவேளையில் போனால் இன்னும் நல்லது. எந்தப் பள்ளி பிடித்தது என்று கேட்பதைவிட, அங்கே என்ன பார்த்தாய் என்று கேளுங்கள், நிறையச் சொல்லும். சேர்த்த பிறகு முதல் பருவம் முடியும்வரை கவனமாக இருங்கள். திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றுவலி, தெரிந்த கணக்கைக்கூடத் தெரியாது என்று ஒதுக்குவது, இரவில் பல்லைக் கடிப்பது இவையெல்லாம் தொடர்ந்து இருந்தால், முதலில் வகுப்பாசிரியரைத் தனியாகப் பாருங்கள். பேசியும் சரியாகவில்லை என்றால், ஏழாம் வகுப்புக்கு மற்ற பள்ளியில் இடம் இருக்கிறதா என்று அந்தக் கோடையிலேயே விசாரித்துவிடுங்கள்.