ஆய்வகத் தாள் அங்ககச் சான்று ஆகாது

மறுபடியும் அதே கதை. ஓசூர் பக்கம் தக்காளியும் பீன்ஸும் போடும் விவசாயி ஒருவர் ஆய்வகத் தாளோடு வந்தார். "சார், பூச்சிமருந்து எச்சம் இல்லைன்னு போட்டிருக்கு. பையில ஆர்கானிக்னு அச்சடிச்சாச்சு. பெங்களூரு கடைக்காரர் வாங்க மாட்டேங்கறார்." கடைக்காரர் செய்தது சரி. பைகளுக்குக் கொடுத்த பணம்தான் வீண்.

அங்ககச் சான்றுக்கு, அதாவது ஆர்கானிக் சான்றுக்கு, ஆவணம் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். தயவுசெய்து இதை நம்புங்கள்: ஆய்வகம் பார்ப்பது நீங்கள் கொண்டுபோன அந்த ஒரு கிலோ தக்காளியை மட்டும். அதிலும் தன் பட்டியலில் உள்ள மருந்துகளைத்தான் தேடும். மருந்து அடித்து, அதன் எச்சம் குறையும்வரை விடவேண்டிய காத்திருப்புக் காலம் கழித்துப் பறித்த காயும் அதில் தேறிவிடலாம். நீங்கள் யூரியா போட்டீர்களா என்று பூச்சிமருந்து எச்சப் பரிசோதனை சொல்லவே சொல்லாது. சான்று பார்ப்பது நிலத்தை, விதையை, உரத்தை, தண்ணீரை, பக்கத்து வயலை. மத்திய அரசின் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தில் காய்கறி போன்ற ஆண்டுப் பயிர்களுக்கு மாற்றுக்காலமே, அதாவது ரசாயனத்தை விட்டு நிலம் அங்கக முறைக்கு மாறும் காலமே, 2 ஆண்டுகள். ஒரு மாதிரியை வைத்து அதைச் சொல்ல முடியுமா?

சரி, இவ்வளவு பாடுபட்டு ஏன் சான்று வாங்குகிறார்கள்? விலை தானாக ஏறும் என்று நினைத்து வருகிறவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பெங்களூரு மடிவாளா மண்டியில் எல்லாப் பெட்டியும் ஒரே தக்காளிதான். நிலைத்து நிற்கிறவர்களின் காரணம் வேறு. ஊருக்குள் விற்றால் உங்கள் முகமே சான்று. அதே காய் 40 கிலோமீட்டர் தள்ளி, உங்கள் வயலைப் பார்க்கவே போகாதவர் வீட்டுக்குப் போகும்போது முகம் கூட வராது. பக்கத்துக் கடையில் பொய்யாக 'ஆர்கானிக்' பலகை மாட்டியவரிடமிருந்து உங்களைப் பிரித்துக்காட்ட வேறு வழியும் இல்லை. சட்டமும் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 விதிகளின்படி, அங்ககப் பொருள் என்று விற்கச் சான்று வேண்டும். ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் நேரடியாக நுகர்வோருக்கே விற்கும் சிறு விவசாயிக்கு விலக்கு உண்டு. ஆனால் அவர், சான்று பெற்ற அங்கக உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைப் போடக்கூடாது. கடைக்குக் கொடுத்தால் விலக்கும் இல்லை.

செலவுக்குப் பயப்படுகிறவர்கள் பங்கேற்பு உத்தரவாத முறையைப் பாருங்கள். குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை மற்றவர் சரிபார்ப்பது. உள்நாட்டில் விற்க அது போதும். ஏற்றுமதி எண்ணம் இருந்தால் சான்றளிப்பு நிறுவனத்திடம்தான் போக வேண்டும். தமிழ்நாட்டு நிலம் என்றால் மாவட்ட விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்று அலுவலகத்தில் கேளுங்கள். முதலிலேயே கேளுங்கள், பை அடித்த பிறகு அல்ல.

அப்புறம் சில விஷயங்கள். இளஞ்சிவப்பு மருந்து பூசிய விதையை வாங்கிவிட்டு "விதைதானே" என்று வாதாடாதீர்கள். பக்கத்து வயலில் தெளிக்கிறார்கள் என்றால் வரப்போரம் அகத்தியோ சோளமோ அடர்த்தியாகப் போடுங்கள். மருந்து அடித்த தெளிப்பானை இரவல் வாங்கிப் பஞ்சகவ்யா தெளிப்பது வேண்டவே வேண்டாம். நகரக் கழிவு கலந்து வரும் தென்பெண்ணை ஆற்றுத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் அதை மறைக்காமல் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஆய்வாளர் எப்படியும் கேட்பார்.

பதிவேட்டை அன்றன்றைக்கு எழுதுங்கள். விதை ரசீது, விதைத்த தேதி, தெளித்தது, பறித்தது, விற்றது, அவ்வளவுதான். ஆய்வாளர் வருவதற்கு முந்தின இரவு பிள்ளைகளை உட்காரவைத்து ஒரே பேனாவில் இரண்டு வருடக் கணக்கு எழுதாதீர்கள் அண்ணா. பக்கத்தைப் புரட்டும்போதே தெரிந்துவிடுகிறது.