முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் நம்முடையதாகிவிடுமா?

வியாழக்கிழமை இரவு பதினொன்றரை மணி. வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ஜன்னலோரம் ஒரு பெண், முகத்தில் பாதி வெளிச்சம், பாதி நிழல். கூடவே ஒரு குரல்பதிவு: "அண்ணா, சிங்கிளுக்கு கவர் இதுதான். காலையில அப்லோட் பண்ணணும். ஒரு முப்பது பர்சென்ட் மாத்திடுங்க, காப்பிரைட் வராது."

பாட்டுக்காரத் தம்பி ஒருவர். தனியாக வெளியிடும் ஒரு பாட்டுக்கு (அதுதான் சிங்கிள்) அட்டைப்படம் செய்யச் சொல்கிறார், அது என் வேலை. இந்த வருடத்தில் எனக்கு வந்த ஐந்தாவது முப்பது பர்சென்ட் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

படத்தைக் கொடுத்தால் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும் ரிவர்ஸ் தேடலில் அப்படியே போட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எடுத்தவர் பெயர், அவருடைய தளம், 'பயன்படுத்தும் முன் என்னைக் கேளுங்கள்' என்ற வரி, எல்லாம் வந்து நின்றன. தம்பிக்கு அனுப்பினேன். "கூகுள்லதானே கிடைச்சுது?" என்று பதில்.

சரி, பொறுமையாகவே சொல்கிறேன். படம் எங்கே இருக்கிறது என்று கூகுள் காட்டுகிறது, அவ்வளவுதான். தெருவில் நிற்கும் பைக்கை ஒருவர் கை நீட்டிக் காட்டினால் சாவி நம் கைக்கு வந்துவிடுமா?

அப்புறம் இந்த முப்பது. சிலர் இருபது என்கிறார்கள், சிலர் பத்தே போதும் என்கிறார்கள். எந்தச் சட்டத்திலும் இப்படி ஒரு கணக்கு கிடையாது. இருந்தாலும் எதை வைத்து அளப்பீர்கள்? படத்தை இடவலமாகப் புரட்டிப் போட்டால் அநேகமாக எல்லாப் பிக்சலும் இடம் மாறிவிடும். ஆனாலும் அதே பெண், அதே ஜன்னல், அதே வெளிச்சம். வழக்கு என்று வந்துவிட்டால் நீங்கள் எவ்வளவு மாற்றினீர்கள் என்பதைவிட, எவ்வளவு எடுத்தீர்கள், எதற்கு எடுத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

நூறு சதவீதம் மாற்றிய கதையே இருக்கிறது. அமெரிக்காவில் ஆன்டி பேயோ என்பவர் 2009-ல், ஜாஸ் இசைக்கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 ஆல்பம் ஒன்றை பழைய வீடியோ கேம் ஒலியில் மறுபடி இசைக்க வைத்து வெளியிட்டார். பாடல்களுக்கு முறையாக உரிமம் வாங்கினார், காசும் கட்டினார். கவருக்கு மட்டும், பழைய அட்டையில் இருந்த புகைப்படத்தைக் கட்டம் கட்டமான பிக்சல் ஓவியமாக வரையவைத்தார். பழைய படத்தின் ஒரு புள்ளிகூட அதில் இல்லை. ஆனாலும் புகைப்படக்காரர் ஜே மைசலின் வக்கீல்கள் வந்தார்கள். தன் மேல் தப்பில்லை என்றே பேயோ கடைசி வரை சொன்னார், ஆனால் வழக்காட அதைவிட அதிகம் செலவாகும் என்று 32,500 டாலர் கொடுத்து முடித்துக்கொண்டார்.

"அவர் சின்ன ஆள்" என்பீர்கள். புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர் ஆண்டி வாரோல் சின்ன ஆளா? பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் என்ற புகைப்படக்காரர் 1981-ல் எடுத்த படத்தை வைத்து வாரோல் வரிசையாக ஓவியங்கள் செய்தார். அதில் ஒன்றை வாரோல் அறக்கட்டளை 2016-ல் ஒரு பத்திரிகை அட்டைக்கு உரிமம் கொடுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023-ல் நீதிபதிகள் 7-க்கு 2 என்ற கணக்கில் புகைப்படக்காரர் பக்கம் நின்றார்கள். வாரோலுக்கே கிடைக்காத சலுகை நம் போட்டோஷாப் ஃபில்டருக்குக் கிடைக்குமா?

எனக்கு ஆற்றாமை எங்கே என்றால், இதைக் கேட்பவர்கள் இசைக்காரர்கள். திரும்பத் திரும்ப ஒலிக்கும் தங்கள் டிரம் துணுக்கை (லூப்) எவனாவது இரண்டு விநாடி எடுத்துவிட்டால் தூங்கமாட்டார்கள். புகைப்படம் என்றால் மட்டும் மரத்தில் காய்த்தது என்று நினைப்பு. கவரில் தகராறு வந்தால் கவர் மட்டும் போகாது, வெளியிட்டது மொத்தமாகவே தளத்திலிருந்து நீக்கப்படலாம், பாட்டும் சேர்ந்து.

ஊருக்கு உபதேசம் செய்யும் என் மேஜையிலும் இது நடந்திருக்கிறது. ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு டைட்டில் செய்தோம். உதவியாளர் ஒரு 'ஃப்ரீ' ஃபான்ட் (எழுத்துரு) இறக்கினார். ஜிப் கோப்பில் ரீட்மி என்ற விவரக் குறிப்பு இருந்தது, 'பெர்சனல் யூஸ் மட்டும்' என்று முதல் வரியிலேயே இருந்தது. யாரும் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. எபிசோடுகள் முடிந்து சேனல் ஃபான்ட் உரிமங்களைக் கேட்டபோதுதான் விழித்தோம். தொடக்க டைட்டில், பெயர் வரும் பட்டை, கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல், ப்ரோமோ, எல்லாவற்றிலும் அதே எழுத்து. மாற்று ஃபான்ட் கொஞ்சம் அகலம். திரையின் ஓரங்களில் ஐந்து சதவீதம் விட்டு உள்ளேதான் எழுத்து நிற்க வேண்டும், நீளமான பெயர்கள் எல்லாம் வெளியே வழிந்தன. ஒவ்வொரு பெயராக உட்கார்ந்து சரிசெய்து மறுபடி வீடியோவாக வெளியெடுத்தோம் (ரெண்டர்). ஒப்பந்தத்தில் 'எல்லாம் முறையான உரிமத்தோடு, பிரச்சினை வந்தால் பொறுப்பு என்னுடையது' என்று கையெழுத்துப் போட்டிருந்தவன் நான். யாரைத் திட்ட?

ஆகவே, தயவுசெய்து இனி எனக்குப் படம் அனுப்பும்போது எங்கிருந்து எடுத்தீர்கள் என்ற லிங்க்கையும் சேர்த்து அனுப்புங்கள். லிங்க் இல்லாத படத்தை நான் தொடமாட்டேன். படங்களை விற்கும் ஸ்டாக் தளத்தில் காசு கொடுத்து வாங்கினாலும் 'எடிட்டோரியல் யூஸ்' (செய்தி, கட்டுரைக்கு மட்டும்) என்று போட்டிருந்தால் கவருக்கு ஆகாது. படைத்தவரே சில நிபந்தனைகளோடு பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று பார்த்ததும் துள்ளாதீர்கள். 'என்சி' என்ற எழுத்துகள் இருந்தால் வணிகத்துக்குக் கூடாது. 'என்டி' இருந்தால் மாற்றியதை வெளியிடவே கூடாது. உங்கள் முப்பது சதவீதத்தைத்தான் அது தடுக்கிறது! படத்தில் முகம் தெரிந்தால் எடுத்தவர் அனுமதி மட்டும் போதாது, அந்த முகத்துக்குரியவரின் கையெழுத்தும் வேண்டும். ஃபான்ட்டுக்குக் காசு கட்டியிருந்தாலும் ஒளிபரப்புக்குச் செல்லுமா என்று படித்துப் பாருங்கள். சிலர் அதைத் தனியாக விற்கிறார்கள். உரிமத்தை அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேலைக் கோப்போடு வையுங்கள். நாளைக்கு அந்தப் பக்கமே இல்லாமல் போகலாம்.

கேட்டால் கொடுப்பவர்கள் நிறையப் பேர், பெயர் போட்டால் போதும் என்பவர்களும் உண்டு. ஆனால் வியாழக்கிழமை இரவு பதினொன்றரைக்குக் கேட்டால் யார் பதில் போடுவார்கள்?

அந்தத் தம்பியிடம், "உன் ரூமில் ஜன்னல் இல்லையா?" என்று கேட்டேன். இருக்கிறது என்றார். தெருவிளக்கு வெளிச்சத்தில் அவருடைய கீபோர்டை வைத்துப் போனில் எடுத்து அனுப்பினார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆனால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிட்டிருந்தது, எனக்கு வேண்டியது 3000-க்கு 3000 பிக்சல். மணி ஒன்றரை. "டாக்குமென்ட்டா அனுப்பு தம்பி" என்று நான்காவது முறையாக டைப் செய்தேன்.