செனாவா, ப்ரோஸ்டா? நனைஞ்ச ரோட்டில டயர் சொல்லுற பதில்

கல்முனையில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், "அண்ணே, எண்பதுகள்ள இருந்து தொண்ணூறுகள்ற தொடக்கம் வரைக்கும் ஃபார்முலா வண் கார் றேஸ்ல ஆர் பெரிய ஆள், செனாவா ப்ரோஸ்டா, இத விஞ்ஞானமாச் சொல்ல ஏலுமா" எண்டு. கொஞ்சத் தூரத்துக்கு ஏலும். நானும் இந்தச் சண்டையில கன காலமா ஒரு பக்கம் நிக்கிற ஆள்தான், எந்தப் பக்கம் எண்டு கடைசியில சொல்லுறன்.

வெறும் எண்ணிக்கையப் பாத்தா அலன் ப்ரோஸ்ட் 4 தரம் சாம்பியன், 51 வெற்றி. அயர்ட்டன் செனா 3 தரம், 41 வெற்றி, ஆனா 65 தரம் முதலாம் இடத்தில இருந்து றேஸத் தொடங்கியிருக்கார். இதால ஒண்டும் முடிவாகாது, ஏனெண்டா ஓடினது ஆள் மட்டும் இல்ல, காரும்தான். 1988ல மக்லாரன் கார் 16 றேஸ்ல 15ஐ வெண்டது, அந்தக் காருல ஆர் இருந்தாலும் முன்னுக்குத்தான் வந்திருப்பாங்க. அப்ப காரைக் கழிச்சுப்போட்டு ஆள மட்டும் எப்பிடி அளக்கிறது?

அதுக்கு ஒரே வழி, ஒரே டீம்ல ஒரே கார் ஓடின ரெண்டு பேரை ஒப்பிடுறது. இப்பிடியே கோர்த்துக்கொண்டு போகலாம், செனாவோட 1993ல ஹக்கினென் ஓடினார், ஹக்கினெனோட கூல்ட்ஹார்ட், அவரோட ரைக்கொனென், அவரோட 2014ல அலொன்சோ, அலொன்சோவோட 2007ல ஹமில்டன், பாத்தீங்களா ஒரு நாளும் ஒண்டா ஓடாத செனாவும் ஹமில்டனும் அஞ்சு கண்ணியில வந்து முட்டிட்டாங்க. கொம்பியூட்டர் இப்பிடி எல்லாச் சங்கிலியையும் ஒரே நேரத்தில தீர்க்கும். இங்கிலாந்தில ஷெஃபீல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1950 தொட்டு 2014 வரைக்குமான றேஸ் முடிவுகள வச்சுப் பாத்து 2016ல வெளியிட்டாங்க, ஐம்பதுகள்ள ஓடின ஃபான்ஜியோ 1, ப்ரோஸ்ட் 2, செனா 5. வித்தியாசத்தில 86 வீதம் டீமால வாறது எண்டும், ஊர்த் தெருவில ஓடுற றேஸ்கள்ள அந்த டீம் பங்கு குறையுது எண்டும் அதில இருக்கு. மறுகா 2020ல அமேசான்காரர் ஃபார்முலா வண்ணோட சேந்து இன்னொரு கணக்குப் போட்டாங்க, அதில செனாதான் முதலாம் ஆள், ப்ரோஸ்ட் முதல் பத்துக்குள்ளயே இல்ல!

ரெண்டும் பிழை இல்ல. முதலாவது ஞாயிற்றுக்கிழமை எடுத்த புள்ளிகளக் கேட்டது, ரெண்டாவது, தொடங்குற இடத்தத் தீர்மானிக்கிற சனிக்கிழமை தகுதிச் சுத்தில ஆர் வேகம் எண்டு கேட்டது. ரெண்டு கேள்விக்கு ரெண்டு பதில் வரத்தானே செய்யும்.

சரி, இப்ப எனக்கு ஆசையான இடத்துக்கு வாறன், மழை. செனாட ஆக்கள் எல்லாரும் கடைசியா மழையிலதான் வந்து நிப்பாங்க, 1984 மொனாக்கோ, 1993 ஏப்ரல் 11 டொனிங்டன், அதில தொடங்கின உடனே அஞ்சாமிடத்துக்குப் போனவர் ஷூமாக்கர், வென்ட்லிங்கர், ஹில், ப்ரோஸ்ட் எண்டு நாலு பேரையும் கடந்து முதல் சுத்து முடியிறதுக்குள்ளயே முன்னுக்கு வந்தார். ஏன் மழையில ஆள் இப்பிடித் தெரியிறார் எண்டதுக்குப் பதில் ரப்பருக்குள்ள இருக்கு.

பள்ளிக்கூடத்தில உராய்வு எண்டு ஒரே ஒரு விசையாத்தான் படிச்சம். ரப்பருக்கு அது ரெண்டு வழியில வரும். ஒண்டு ஒட்டுற வழி, டயர்ட மூலக்கூறும் ரோட்டுட மூலக்கூறும் நேரடியாத் தொட்டு ஒண்டையொண்டு இழுத்துப் பிடிக்கும், காய்ஞ்ச ரோட்டில பெரிய பங்கு இதுக்கு. தண்ணி மெல்லிய படையா நடுவில வந்தா தொடுகை போயிரும், இந்த வழி கிட்டத்தட்ட இல்லாமப் போயிரும். மற்றது கடிக்கிற வழி. ரோட்டுக் கல்லுகள்ள கண்ணுக்கும் தெரியாத சின்னச் சின்ன முனைகள் இருக்கு, ரப்பர் அதுக்கு மேலால வழுகும்போது கல்லுட முன்பக்கத்தில நசிபட்டு ஏறும், ஆனா ரப்பருக்கு ஒரு சோம்பல் குணம் இருக்கு, நசிஞ்சது உடனே பழைய உருவத்துக்கு வராது, அதால கல்லுட பின்பக்கத்த அது முழுசாத் தொடாது, முன்பக்கம் அழுத்தம் கூட, பின்பக்கம் குறைவு, அந்த வித்தியாசம்தான் டயரப் பின்னுக்குப் பிடிக்கிற விசை. இழந்த சக்தி சூடாப் போகும். எவ்வளவு வடிவான விசயம் பாருங்க, ரப்பர் பிந்தி எழும்புறதாலதான் கார் நிக்குது! இதுக்கு நேரடித் தொடுகை தேவையில்ல, தண்ணிப் படையக் குத்திக்கொண்டு வெளிய நீட்டுற முனை இருந்தாப் போதும்.

இப்ப றேஸ் ஓடுபாதையப் பாருங்க. காய்ஞ்ச நாள்ல எல்லாக் காரும் ஒரே கோட்டிலதான் கிறுகும், அந்தக் கோட்டில டயர் தேஞ்ச ரப்பர் போய் அந்த நுண்ணிய குழிகள அடைச்சிரும், கல்லும் மழுங்கிரும். தேஞ்ச அம்மி அரைக்காத மாதிரி, கொத்தினாத்தான் திரும்பப் பல்லு வரும். வெயிலுக்கு அந்தக் கோடுதான் நல்லாப் பிடிக்கும், ரப்பரோட ரப்பர் ஒட்டும். மழை விழுந்தா ஒட்டும் இல்ல, கடியும் இல்ல, கண்ணாடி மாதிரி ஆகிரும். அப்ப பிடி எங்க இருக்கு? ஆரும் ஓடாத வெளிப்பக்கத்தில, அங்க கல்லுக்கு இன்னும் பல்லு இருக்கு. அதாலதான் மழையில நல்ல ஓட்டக்காரர் வளைவ வெளியால சுத்திப் போவாங்க. எந்த வளைவில எவ்வளவு வெளிய எண்டு எந்த மீற்றரும் காட்டாது, தண்ணி கூடக் குறைய அது ஒவ்வொரு சுத்துக்கும் மாறும், கையாலயும் இடுப்பாலயும் உணர்ந்துதான் தேடணும். எஞ்சின்ட குதிரைவலு எவ்வளவு எண்டாலும் டயர் பிடிக்காட்டி மிதிக்க ஏலாதே, அதால காருக்குக் கார் உள்ள வித்தியாசம் சுருங்கி ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் பெருசாத் தெரியும்.

இதே பௌதிகம்தான் எங்கட ரோட்டிலயும். மட்டக்களப்புக் கல்முனை காபட் ரோட்டில மாரிக்கு முதல் மழை விழும்போது, மழுங்கின கல்லு, எண்ணெய், தூசி எல்லாம் சேந்து மோட்டசைக்கிள் வழுக்கும். புது வாகனத்துக்கு எலுமிச்சம்பழம் கட்டுறாங்க, சில்லுக்குக் கீழ வச்சு நசிக்கிறாங்க, அந்த டயர்ட பல்லுத் தேஞ்சு மொட்டையானா ஆரும் பாக்கிறதில்ல, எனக்கு உண்மையாக் கவலை. பழம் உராய்வைக் கூட்டாது. ரோட்டு எவ்வளவு பிடிக்குது எண்டு அளக்கிறதுக்குப் பெண்டுலம் மாதிரி ஆடுற ஒரு சின்னக் கருவி உலகம் முழுக்கப் பாவிக்கிறாங்க. ஒலுவில்ல தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கு, ஒவ்வொரு மாரிக்கும் முதல் எங்கட வளைவுகள அளக்கிற ஆய்வுக்குக் காசு ஒதுக்கணும், உசிரக் காப்பாத்துற ஆய்வு அது.

அப்ப செனாதான் எண்டு முடிச்சிரலாமா? இல்ல. பிடி ஒரு பக்கம், கண் இன்னொரு பக்கம். இப்பத்த முழு மழை டயர் ஒண்டு 300 கிலோமீற்றர் வேகத்தில செக்கனுக்கு 85 லீற்றர் தண்ணிய எறியும் எண்டு டயர் செய்யிற பிரெல்லி கொம்பனி சொல்லுது, அது அவ்வளவும் பின்னால வாறவர்ட கண்ணில புகாரா, பனிமூட்டம் மாதிரி நிக்கும். 1982ல ஹொக்கன்ஹைம்ல மழைப் பயிற்சியில அந்தப் புகாருக்குள்ள முன்னால போன ப்ரோஸ்ட்ட காரைக் காணாம பிரோனி எண்ட ஓட்டக்காரர் பின்னால வந்து அடிச்சார், ரெண்டு காலும் முறிஞ்சு, அதோட அவர்ட ஃபார்முலா வண் முடிஞ்சுது. ப்ரோஸ்ட்டுக்கு மழை பிடிக்காமப் போனது அதுக்குப் பிறகு. 1989 அடிலெய்ட்ல கொட்டுற மழைக்க ஒரு சுத்தோட ப்ரோஸ்ட் இறங்கிட்டார், கோழை எண்டு ஏசுறாங்க, ஆனா அதே றேஸ்ல முன்னுக்குப் போன செனா புகாருக்குள்ள பிரண்டில்ட கார் தெரியாமப் பின்னால போய் அடிச்சார். புகாருக்குள்ள எந்தத் திறமையும் பாக்காது, ப்ரோஸ்ட் அண்டைக்குச் செஞ்சது சரியான கணிப்பு.

1984 மொனாக்கோவில மழைக்கு றேஸ நிப்பாட்டினதால வெண்ட ப்ரோஸ்ட்டுக்கு 9க்குப் பதில் பாதி, 4.5 புள்ளி. அந்த வருசம் அதே டீம்ல ஓடின லவுடாட்ட அரைப் புள்ளியால தோத்தார். முழுசா ஓடி, பின்னால துரத்திக்கொண்டு வந்த செனா முந்தி இவர் ரெண்டாவதா வந்திருந்தாலே 6 புள்ளி, சாம்பியன் அவர்தான். 1988லயும் எல்லாம் கூட்டினா ப்ரோஸ்ட் 105, செனா 94, ஆனா நல்ல 11 முடிவ மட்டும் எண்ணுற சட்டம், அதால 90க்கு 87 எண்டு செனா சாம்பியன்.

ஒரு சுத்து, நனைஞ்ச ரோட்டு எண்டா செனாவுக்குக் கிட்ட ஆரும் வரேலாது, அத நான் மறுக்கவே மாட்டன். சாம்பியன் எண்டது முழு வருசத்துக்குக் குடுக்கிற பேர், டயரையும் பெற்றோலையும் மிச்சம் பிடிச்சு, 1986ல ஹொண்டா எஞ்சின் போட்ட வில்லியம்ஸ் ரெண்டையும் அதவிட வலுக் குறைஞ்ச காரால கடைசி றேஸ்ல முந்தின ஆள் ப்ரோஸ்ட். என்ட வாக்கு அவருக்குத்தான்.