நேட்ரியூரெசிஸ்: சோடியக் கழிப்பு

இரத்த அழுத்தம் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் நேட்ரியூரெசிஸ் என்பதற்குச் 'சோடிய இழப்பு' என்று போடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. பிழை என்பதோடு, படிப்பவரை வீணாகப் பயமுறுத்தும் சொல் அது.

சொல்லின் பிறப்பு எளிது. நேட்ரியம் சோடியத்தின் இலத்தீன் பெயர். எகிப்தின் உவர் ஏரிகளில் கிடைத்த நேட்ரான் என்ற உப்பிலிருந்து வந்தது. யூரெசிஸ் கிரேக்கம், சிறுநீர் கழித்தல். சேர்த்தால், சிறுநீர் வழியாகச் சோடியத்தைக் கழித்தல்.

இதில் இழப்பு எங்கே வந்தது? உயிரிழப்பு, பொருளிழப்பு, நீரிழப்பு என்று தமிழில் இழப்பு என்றாலே வேண்டியது கைவிட்டுப் போவதுதான். சிறுநீரகங்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. அதோடு அரைக் கிலோவுக்கும் மேல் சோடியம் சிறுநீரகத்தின் நுண்குழல்களில் இறங்குகிறது. அதில் 99 விழுக்காட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் வெளியே விடுகின்றன. அழுத்தம் ஏறினால் திரும்ப எடுப்பது குறையும். சோடியம் கூடுதலாக வெளியேறும், பின்னாலேயே நீரும் போகும், இரத்தத்தின் கன அளவு குறைந்து அழுத்தம் இறங்கும். இவ்வளவு கணக்காக நடக்கும் வேலைக்கு இழப்பு என்று பெயர் வைப்பது அநியாயம்.

உண்மையான சோடிய இழப்பு வேறு. அட்ரினல் சுரப்பி பழுதாகும் அடிசன் நோயில், சோடியத்தைத் தக்கவைக்க உதவும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைந்து, சிறுநீரகத்தால் சோடியத்தைப் பிடித்துவைக்க முடியாமல் போகிறது. அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியலாம். நல்ல வேலைக்கே 'இழப்பை' செலவழித்துவிட்டால் இந்த நோய்க்கு எந்தச் சொல்லை வைப்பது?

சிலர் 'உப்பு வெளியேற்றம்' என்கிறார்கள். மருத்துவமனைப் பேச்சில் உப்பு படும் பாடு அவர்களுக்குத் தெரியவில்லை. கர்ப்பிணியிடம் 'யூரின்ல உப்பு போகுது' என்றால் அது ஆல்புமின், அதாவது புரதம். 'இரத்தத்துல உப்பு ஏறிடுச்சு' என்றால் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவுப்பொருள். மூன்றாவதாகச் சோடியத்தையும் அதற்குள் திணித்தால், 'உப்பைக் குறைங்க' என்று மருத்துவர் சொல்லக் கேட்கும் நோயாளி குழம்பத்தான் செய்வார். மொழிபெயர்ப்பவர்கள் ஒருநாளாவது புறநோயாளிகள் வரிசையில் நின்று காது கொடுக்க வேண்டும்.

அதனால் சோடியக் கழிப்புதான் சரி. கழித்தல் உடலே செய்யும் வினை. 'சிறுநீர் கழித்தல்' எல்லோருக்கும் பழகியது. கழிவு என்றால் வெளியே வந்த பொருளாகிவிடும், ஆகவே கழிப்பு. சோடியம் தமிழா என்று கேட்பவர்கள் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்கட்டும், நோயாளிக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

அழுத்தம் ஏறுவதால் நடப்பதை அழுத்தவழிச் சோடியக் கழிப்பு என்னலாம். நீண்டகால இரத்த அழுத்தத்தை நிர்ணயிப்பது இதுவே என்று வாதிட்டவர் அமெரிக்க உடலியங்கியலாளர் ஆர்தர் கைட்டன். நாள்பட்ட உயர் அழுத்தத்தில், அதே அளவு சோடியத்தைக் கழிக்கச் சிறுநீரகத்துக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. நீர் மாத்திரை நுண்குழலில் சோடியத்தைத் திரும்ப எடுப்பதைத் தடுத்து, அந்தக் கழிப்புக்கு உதவுகிறது. 'சோடிய இழப்பை உண்டாக்கும் மாத்திரை' என்று படித்துவிட்டு அதைப் பாதியில் நிறுத்துபவரைக் குறை சொல்ல முடியாது.